வெயிலும் வெளிச்சுவரும்

வெள்ளையடித்த மதிலிற் சாய்ந்து நின்றவனுடைய சட்டை முதுகு வெளுத்திருப்பதை யாழ்ப்பாணத்திற் காணாதவர் இரார். பிள்ளைகள் பாடசாலைச் சுவரிற் கையைத் தேய்த்து ஒருவர் கன்னத்தில் மற்றவர் பூசி விளையாடுவதும் உண்டு. சுண்ணாம்பு என்றால் ஒட்டத்தான் செய்யும் என்று பெரியவர்களும் அதனைப் பொருட்படுத்தாது விட்டுவிடுவர். ஆயின், செவ்வையாகப் பூசப்பட்டு இறுகிய சுண்ணாம்பு அவ்வளவு எளிதிற் சட்டைக்கு இடம் மாறுவதில்லை. ஏனெனில் அது சுவரோடு சுவராகக் கல்லாகி விடுகின்றது. தொட்டவுடன் தூளாய் உதிர்வது, கல்லாக வேண்டிய காலம் கிட்டுமுன்னரே வெயிலிற் காய்ந்துபோன சுண்ணாம்பு ஆகும். அவ்வாறே, பெருஞ்செலவிற் பூசிய புதிய வகைப் பெயின்ற் ஒரு மாரி கழியுமுன் அப்பளம் போலப் பொங்கி உரிந்து வீழக் கண்ட வீட்டுக்காரர், பெயின்ற் கலப்படம் என்றும் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றும் குறைகூறுவர். சிலவேளை அது மெய்யாகவும் இருக்கும். எனினும் பலமுறை குற்றம் வாளியில் இருந்த பொருளினுடையதன்று. அதைச் சுவரில் இட்ட நேரத்தினுடையது.

வீட்டின் வெளிப்புறத்துக்கு நிறம் பூசுவது ஆண்டுதோறும் நடைபெறும் காரியமன்று. மகளின் கல்யாணம், புது வீட்டுக்குக் குடிபுகுதல், நெடுங்காலத்தின் பின் வெளிநாட்டிலிருந்து வரும் உடன்பிறப்பு என இவ்வாறான ஒரு காரணம் பற்றியே பெரும்பாலான குடும்பங்கள் அதற்குத் துணிகின்றன. சிறுகச் சிறுகச் சேர்த்த பணமும், சிலவேளை கடன்பட்ட பணமும் அச்சுவரிற் போய்ச் சேர்கின்றன. ஐந்தாறு ஆண்டு நிற்கவேண்டியது ஓராண்டில் உதிருமாயின், அக்குடும்பம் இழப்பது அழகை மட்டுமன்று.

வெயில் சுண்ணாம்புக்கு ஏன் பகையாகிறது என்பதை அறிய, சுண்ணாம்பின் பிறப்பையும் வளர்ப்பையும் சற்று அறிதல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடியிற் கிடப்பது சுண்ணக்கல். கடலோரத்தில் ஒதுங்குவன சிப்பியும் சங்கும். இவை யாவும் பெரும்பாலும் கல்சியம் காபனேற்று என்னும் ஒரே பொருளால் ஆனவை. சூளையில் அடுக்கி ஏறத்தாழ 900 பாகை செல்சியசு வெப்பத்தில் எரிக்கும்போது, அப்பொருளினின்று காபனீரொட்சைட்டு வாயு பிரிந்து வெளியேறுகின்றது. தூய கல் 100 கிலோகிராம் எரிந்தால் 56 கிலோகிராம் நீறாத சுண்ணாம்பு மிஞ்சும். மற்றைய 44 கிலோகிராமும் வாயுவாகி வானிற் போய்விடும். நீறாத சுண்ணாம்பை நீரிலிட்டால் அது குமுறிக் கொதித்து நீறுகின்றது. அவ்வாறு நீற்றிய சுண்ணாம்பைப் பால்போற் கரைத்துச் சுவரிற் பூசிவிட்டால், சூளையில் இழந்த அதே வாயுவைக் காற்றிலிருந்து சிறிது சிறிதாக மீளப் பெற்று, அது மறுபடியும் கல்லாகின்றது. சூளைக்காரன் கல்லைச் சுண்ணாம்பாக்கினான். சுவரிலே சுண்ணாம்பு தன்னைத் தானே கல்லாக்கிக் கொள்கின்றது.

இந்த மாற்றத்துக்குத் தண்ணீர் இன்றியமையாதது. காற்றிலுள்ள வாயு நேரே சுண்ணாம்போடு சேர்ந்துவிடுவதில்லை. முதலிற் சுவரின் நுண்துளைகளில் உள்ள ஈரத்திற் கரைந்து, அங்கே தானும் கரைந்திருக்கும் சுண்ணாம்பைச் சந்தித்த பின்னரே கல் உண்டாகின்றது. சுண்ணாம்போ நீரில் மிகச் சிறிதளவே கரையும் பொருள். ஒரு லீற்றர் நீரில் ஏறத்தாழ ஒன்றரைக் கிராம் கரைந்தால் அதுவே பெரிது. உப்பும் சீனியும் சுடுநீரில் மிகுதியாகக் கரையும். சுண்ணாம்புக்கு அந்த இயல்பு மாறியது. நீர் சூடேறச் சூடேற அது கரைவது குறைந்துகொண்டே போகும். ஆகவே, நண்பகலிற் கொதிக்கும் சுவரிற் பூசிய சுண்ணாம்புக்கு இரு வகையில் இடையூறு நேர்கின்றது. ஈரம் சில நிமிடங்களில் ஆவியாகின்றது. எஞ்சிய ஈரத்திலும் சுண்ணாம்பு நன்கு கரைவதில்லை. வேலை நின்றுவிடுகின்றது. கண்ணுக்கு அது பளிச்சென்ற வெள்ளையாகவே தோன்றும். ஒரு மணி நேரத்திற் காய்ந்துவிட்டது என்று மகிழ்கிறவரும் உளர். காய்வது வேறு, இறுகுவது வேறு. சுண்ணாம்புக்கு விரைவிற் காய்தல் ஒரு சிறப்பன்று.

பழைய மேசன்மார் இந்த இரசாயனத்தை ஏட்டிற் படித்தவரல்லர். ஆயினும் அவர்கள் செய்துவந்தவை யாவும் இதற்கு இசைந்தனவாய் இருந்தன. சுண்ணாம்பைப் பல நாள், இயன்றால் பல மாதம், நீரின்கீழ் ஊறவிட்டு மென்களியாக்கினர். துணியில் வடித்தனர். தாழம் விழுதின் நுனியை நசுக்கித் தும்பாக்கிய மட்டையை நனைத்துப் பூசினர். பூசுமுன் சுவரின்மேல் நீரை வாரி இறைத்தனர். சுவருக்கு முதலில் தாகம் தீர்க்காவிட்டால், மட்டையில் இருக்கும் நீரை அது உறிஞ்சிக்கொண்டு வெண்தூளை மட்டும் வெளியே விட்டுவிடும் என்பது அவர்தம் அனுபவம். சுவரில் நீர் வடிந்து நிற்கவும் கூடாது, தொட்டால் உலர்ந்திருக்கவும் கூடாது. நனைந்த சேலையைப் பிழிந்தெடுத்தாற் போன்ற ஈரமே வேண்டப்படுவது. துளைகளெல்லாம் நீரால் நிரம்பிக் கிடந்தாலும் வாயு உட்புக வழியில்லாமற் போகும்.

பூச்சு மெல்லியதாய் இருத்தல் வேண்டும் என்பதும் அவர்கள் கண்டது. முதற்பூச்சு சுவரிற் படும்போது ஒன்றுமே பூசாதது போலக் கண்ணாடியாகத் தோன்றும். உலரும்போதே வெண்மை வெளிப்படும். பழக்கமில்லாதவர் இதைக் கண்டு பொறுமையிழந்து, மோர்போல் இருக்கவேண்டியதைக் கூழ்போலக் கரைத்து ஒரே பூச்சில் வேலையை முடிப்பர். தடித்த பூச்சு வெடித்துச் செதிலாக உதிரும். நாளுக்கொரு பூச்சாக மூன்று அல்லது நான்கு மெல்லிய பூச்சுகள் இடுவதே முறை. கடைசிப் பூச்சிற் சிறிது நீலம் கலப்பதும் வெறும் ஆடம்பரமன்று. சுண்ணாம்பில் இயல்பாக உள்ள மஞ்சட் சாயலை நீலம் மறைப்பதால் கண்ணுக்கு வெண்மை கூடித் தோன்றுகிறது. துணிக்கு இடும் நீலம் காரத்தைத் தாங்குவது. ஆதலாற் சுண்ணாம்பிற் கெடுவதில்லை. பிரசியன் நீலம் எனப்படும் வேறொரு நீலமோ சுண்ணாம்பின் காரத்திற் சிதைந்து பழுப்பாகிவிடும். எந்த நிறப்பொடியையும் சுண்ணாம்பிற் கலக்கலாம் என எண்ணுவோர் இதனை மனங்கொள்ளுதல் நன்று. காவி, மஞ்சட்காவி முதலிய மண்நிறங்கள் ஐயத்துக்கு இடமில்லாதவை.

தைப்பொங்கலை முன்னிட்டு வெள்ளையடிக்கும் வழக்கத்திலும் ஒரு நுட்பம் அமைந்திருக்கின்றது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வடகிழக்குப் பருவமழை குடாநாட்டு மண்ணையும் மதிலையும் நனைத்துவிடுகின்றது. மார்கழிக் கடைசியில் மழை ஓய்கின்ற வேளையிற் சுவரின் உள்ளே ஈரம் உண்டு, காற்றிலும் ஈரம் உண்டு, வெயிலோ மென்மையானது. சுண்ணாம்பு இறுகுவதற்கு இதனினும் ஏற்ற பருவம் வட பகுதியில் வேறில்லை. பண்டிகைக்காகச் சுவர் வெளுத்ததா, சுவருக்கு உகந்த காலத்திற் பண்டிகை வந்ததா என்று கேட்டால், விடை பண்டிகைப் பக்கமே சாயும். ஆயினும் அப்பொருத்தம் பல தலைமுறைகளின் சுவர்களைக் காத்தது.

1950 ஆம் ஆண்டிற் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. 1990 ஆம் ஆண்டிற் போரின் காரணமாக அது மூடப்பட்டதெனினும், அதற்குள் சீமெந்துச் சாந்து ஊர்தோறும் நிலைத்துவிட்டது. சீமெந்துச் சுவருக்கு ஏற்றவையாய்ப் புதிய பூச்சுகளும் வந்தன. இன்று பெரும்பாலான வீடுகளின் வெளிச்சுவரிற் பூசப்படுவது நீரிற் கலந்த அக்கிரிலிக் எமல்சன் வகையாகும். அது சுண்ணாம்பைப் போல வாயுவை உண்டு கல்லாவதில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பிசின் உருண்டைகள் நீரில் மிதந்துகொண்டிருக்கின்றன. நீர் வெளியேற வெளியேற அவை ஒன்றையொன்று நெருங்கி, இறுதியில் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து ஒரு தோலாகின்றன. இவ்வேலை ஒழுங்காக நடைபெற வேண்டுமாயின், நீர் அமைதியாக வெளியேற அவகாசம் வேண்டும். பிசினிற் சிறிது சுவரின் துளைகளுக்குள் இறங்கி வேரூன்றவும் அவகாசம் வேண்டும்.

சூடேறிய சுவர் இவ்விரண்டு அவகாசத்தையும் தருவதில்லை. தூரிகை பட்ட கணத்திலேயே சுவர் உட்புறமாக நீரை உறிஞ்சுகின்றது. வெயில் வெளிப்புறமாக நீரைப் பறிக்கின்றது. மேலே தோல் படர்ந்துவிடுகின்றது, கீழே ஈரம் சிறைப்படுகின்றது. சுவரின் சூட்டினால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேற வழி தேடும்போது தோலைத் தூக்கிக் கொப்புளமாக்குகின்றது. கொப்புளம் உண்டாகாத இடத்திலும் பிசின் சுவரைப் பற்றியிராது, மேலோட்டமாகப் படிந்திருக்கும். முதல் மாரியில் மழைநீர் விளிம்பால் உட்புகுந்தவுடன் அது தாள்போற் கழன்றுவிடும். மேலும், சுவரிற் பட்டை பட்டையாகக் கோடுகள் தோன்றுவதற்கும் இதுவே காரணம். ஒரு வீச்சின் ஓரம் காய்ந்த பின் அடுத்த வீச்சு அதன்மேல் ஏறினால், இரட்டைப் பூச்சு விழுந்த இடம் நிறம் கூடிக் காட்டும். ஓரம் ஈரமாய் இருக்கும்போதே அடுத்த வீச்சு அதனைச் சேரவேண்டும்.

பெயின்ற் தயாரிப்போர் பலர் 35 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டிற் பூசவேண்டாம் என எழுதுவர். இதனைப் படிப்பவர் வானொலியிற் கூறும் வெப்பநிலையை நினைத்து, இன்று 32 பாகைதானே என அமைதியடைவர். அது காற்றின் வெப்பநிலை. அதுவும் நிழலில் அளந்தது. வெயிலில் நிற்கும் சுவரின் கணக்கு வேறு. காற்று 32 பாகையாய் இருக்கும் பிற்பகலில், மேற்கு வெயிலை நேரே ஏற்கும் கருநிறச் சுவர் 50 பாகையையும் தாண்டிவிடும். வெண்சுவர் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புவதால் அவ்வளவு சூடேறுவதில்லை. அண்மைக் காலத்தில் வெளிச்சுவருக்குக் கடுஞ்சிவப்பும் கருநீலமும் சாம்பல் நிறமும் விரும்பப்படுகின்றன. விரும்புவோரைத் தடுப்பார் இல்லை. ஆயினும் அந்நிறங்கள் வீட்டுக்குட் சூட்டையும் கூட்டுகின்றன. தாமும் விரைவில் வெளிறுகின்றன.

சுவரின் சூட்டை அறிய எந்திரம் வேண்டியதில்லை. மனிதத் தோலின் மேற்பரப்பு ஏறத்தாழ 33 அல்லது 34 பாகையில் இருப்பது. ஆகவே புறங்கையைச் சுவரில் வைத்தவுடன் சூடு தோன்றுமாயின் அச்சுவர் தோலிலும் சூடானது. அஃதாவது வரம்பை எட்டிவிட்டது அல்லது கடந்துவிட்டது. தொட்டாற் குளிர்ச்சியாகவோ ஒன்றும் தோன்றாமலோ இருக்கும் சுவரே பூசுதற்கு உரியது.

இனி, எந்தச் சுவர் எந்த வேளையில் ஆறியிருக்கும் என்பது கேள்வி. இங்கே ஐரோப்பிய நூல்களைப் பார்த்து எழுதிய கையேடுகள் இந்நாட்டவரைப் பிழையான வழியில் விட்டுவிடுகின்றன. தென்சுவர் வெயிற்சுவர், வடசுவர் நிழற்சுவர் என்பது அவற்றின் பாடம். ஞாயிறு என்றும் தெற்கே சாய்ந்து செல்லும் நாடுகளுக்கு அது உண்மை. யாழ்ப்பாணமோ 9 பாகை 40 கலை வட அகலக்கோட்டின் அருகில் உள்ளது. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாள்களில் ஞாயிறு அங்கே நண்பகலில் நேர் உச்சியை அடைகின்றது. அதன்பின் ஆவணி முற்பகுதி வரை, ஏறத்தாழ நான்கரை மாதம், உச்சிக்கு வடக்கே சாய்ந்தே செல்கின்றது. யூன் 21 ஆம் நாளளவில் நண்பகல் ஞாயிறு உச்சிக்கு வடக்கே ஏறத்தாழ 14 பாகை தள்ளி நிற்கும். ஆகவே வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் நிழற்சுவராய் இருப்பது தென்சுவரே. வடசுவர் நாள் முழுவதும் சாய்ந்த வெயிலைப் பெறும். மார்கழியில் நிலை தலைகீழாகித் தென்சுவர் நன்றாக வெயில் காயும். கொழும்பிலும் மட்டக்களப்பிலும் இந்த நாள்கள் சிறிது முன்பின்னாகுமேயன்றி, ஒழுங்கு இதுவே.

ஆயினும் வடக்கும் தெற்கும் பெறும் வெயில் கிழக்கும் மேற்கும் பெறும் வெயிலுக்கு ஈடாகாது. காலை ஒன்பது மணியளவிற் கிழக்குச் சுவரும், பிற்பகல் மூன்று மணியளவில் மேற்குச் சுவரும் வெயிலை நேர்முகமாக ஏற்கின்றன. இரண்டில் மேற்குச் சுவரே கொடியது. காலையில் இரவின் குளிர்ச்சி சிறிது எஞ்சியிருக்கும். பிற்பகலிலோ காற்றும் தன் உச்சச் சூட்டில் இருக்கும். வீட்டிலே முதலில் உரியத் தொடங்குவது மேற்குச் சுவராய் இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இதனின்று, ஞாயிற்றுக்கு முன்னே ஓடாமற் பின்னே செல்லுதல் என்னும் விதி பிறக்கின்றது. எமல்சன் பூசுவோர் மேற்குச் சுவரை விடிந்ததும் தொடங்கிப் பத்து மணிக்குள் முடிக்கலாம். மேற்கு வெயில் வருமுன் அதற்கு மூன்று நான்கு மணி நேரம் கிட்டும். அந்நேரத்துள் நீர் அமைதியாக வெளியேறிவிடும். கிழக்குச் சுவரை, அதன் சூடு தணிந்த பிற்பகலிற் பூசலாம். ஆயின் இரவுப் பனி விழுமுன் தோல் படர்ந்திருத்தல் வேண்டும்; மாலை வெகுநேரம் பூசிக்கொண்டிருந்தால், விடியற்காலைப் பனி ஈரமான பூச்சின்மேற் கசிந்து பழுப்பு வரிகளை உண்டாக்கும். மார்கழி, தை மாதங்களில் இவ்வெச்சரிக்கை மிகவும் வேண்டப்படுவது.

சுண்ணாம்புக்கு இவ்விதியைச் சிறிது மாற்றிக்கொள்ளல் வேண்டும். சில மணி நேர அமைதி அதற்குப் போதாது. பல நாள் ஈரம் வேண்டும். ஆதலின் மேற்குச் சுவரிற் சுண்ணாம்பைக் காலையிற் பூசினால் அன்று பிற்பகலே வெயில் அதனைக் கொன்றுவிடும். வெயில் இறங்கிய பின் சுவரை நனைத்து, சூடு தணிந்ததும் பூசுவதே தக்கது. அதன்பின் ஓர் இரவும் மறுநாள் முற்பகலும் அது நிழலில் இருக்கும். எமல்சனுக்கு அஞ்சவேண்டிய பனி சுண்ணாம்புக்கு உதவியாகின்றது. மறுநாள் பிற்பகல் வெயிலுக்கு முன்னே ஈரச்சாக்கைத் தொங்கவிட்டோ, தென்னோலைக் கிடுகைச் சாத்தியோ, பூவாளியால் மெல்லெனத் தெளித்தோ காத்தல் வேண்டும். பயிர் நட்டவன் தண்ணீர் காட்டுவது போல இரண்டு மூன்று நாள் செய்ய வேண்டிய பணி இது. சுவர் ஒன்றுக்கே இரு பூச்சுகள் இரு வேறு வேளைகளைக் கேட்கின்றன என்பதை உணராமையினால், சுண்ணாம்பிற் கைதேர்ந்தவரே எமல்சனிற் தவறுவதும், எமல்சனிற் பழகியவர் சுண்ணாம்பைப் பழிப்பதும் நேர்கின்றன.

வெயிலை நிழல் தடுக்கும்; காற்றைத் தடுப்பது அரிது. வைகாசி முதல் புரட்டாதி வரை குடாநாட்டில் வீசும் சோளகக் காற்று நிழலில் உள்ள சுவரையும் விரைந்து உலர்த்துவதோடு, செம்மண் தூசியையும் கொணர்ந்து ஈரப்பூச்சில் அப்பிவிடும். மட்டக்களப்புப் பக்கத்திற் கச்சான் காற்றும் அத்தகையதே. மலைநாட்டைக் கடந்து இறங்கி வரும்போது ஈரத்தை இழந்து சூடேறிய காற்று அது. கச்சான் வீசும் நாளில் வெளிச்சுவர் வேலையை விடியற்காலையோடு நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை.

சூட்டிற் பெயின்ற் வாளியிலேயே தடிப்பேறும். உடனே வேலையாள் தண்ணீர் வார்ப்பார்; மீண்டும் தடிக்கும், மீண்டும் வார்ப்பார். உறையில் எழுதிய அளவுக்கு மேல் வார்க்கும் ஒவ்வொரு குவளை நீரும் பிசினை ஐதாக்கி, பின்னாளிற் பூச்சைத் தூளாக்குகின்றது. வாளியை நிழலில் வைத்து ஈரச்சாக்கால் மூடி, வேண்டிய அளவைச் சிறு பாத்திரத்தில் எடுத்துப் பூசினால் அத்தேவை எழாது. சுவர் மிகவும் உலர்ந்திருந்தால் எமல்சனுக்கும் முன்னே நீர் தெளிக்கலாம். ஆனால் மேற்பரப்பில் ஈரம் மினுங்காமல் ஆறிய பிறகே பூச வேண்டும்.

புதிதாகப் பூசிய சீமெந்துச் சாந்துக்குக் குறைந்தது நான்கு வாரம் அவகாசம் அளித்தல் வேண்டும். அதன் காரம் மிகக் கடுமையானது. எண்ணெய் வர்ணத்தை அதன்மேல் அவசரப்பட்டுப் பூசினால், காரமும் எண்ணெயும் சேர்ந்து சவர்க்காரமாகிப் பிசுபிசுக்கும். சவர்க்காரம் காய்ச்சும் முறையும் அதுவேயன்றோ? சுவருக்குள் ஈரம் உண்டா என ஐயமிருப்பின், ஒன்றரை அடிச் சதுரமான கண்ணாடிப் பொலித்தீன் தாளை நான்கு புறமும் ஒட்டி ஓர் இரவு விட்டுப் பார்க்கலாம். விடிந்ததும் தாளின் உட்புறத்தில் நீர் அரும்பியிருந்தால் இன்னும் பொறுத்தல் வேண்டும்.

எல்லாவற்றிலும் மிகுதியாகக் காணப்படும் தவறு ஒன்று உண்டு. பல ஆண்டுச் சுண்ணாம்பு படிந்த பழைய கல்வீட்டின்மேல், சுவரைச் சுரண்டாமலே எமல்சனைப் பூசுவதுதான் அது. எமல்சன் தான் தொடும் தூளை இறுகப் பற்றிக்கொள்ளும். தூள் சுவரைப் பற்றியிராது. ஈற்றில் இரண்டும் சேர்ந்தே விழும். அதனினும் ஆழமான கேடு பின்னர் வருவது. பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவர்களிற் பலவற்றின் அடியில் ஈரத்தடை இல்லை. நிலத்து ஈரம் ஏறி, சுண்ணாம்பின் நுண்துளைகள் வழியே வெளியேறிக்கொண்டேயிருக்கும். அவ்வழியைப் பிசின் தோலால் மூடினால், ஈரமும் அதனோடு வந்த உப்பும் தோலின் பின்னே திரண்டு, உவராய்ப் பூத்துச் சாந்தையே பெயர்த்துவிடும். கடலோர வீடுகளிலும், 2004 ஆம் ஆண்டு மார்கழியில் ஆழிப்பேரலை புகுந்த ஊர்களில் எஞ்சிய பழஞ்சுவர்களிலும், உப்பின் தொல்லை இன்னும் கூடுதலாகும். அத்தகைய சுவருக்குச் சுண்ணாம்பே தகுந்த உடை. இது பழமையின்மேல் உள்ள பற்றினாற் கூறுவதன்று. மூச்சுவிடும் சுவருக்கு மூச்சுவிடும் பூச்சே வேண்டும். மறுதலையாக, வழுவழுப்பான சீமெந்துச் சுவரிற் சுண்ணாம்பு வேரூன்ற இடமில்லை. அங்கே எமல்சனே நிற்கும்.

சுண்ணாம்பு வேலையில் ஆபத்தும் உண்டு. நீறாத சுண்ணாம்பை நீற்றும்போது, நிறைந்த நீரிற் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இடவேண்டுமேயன்றி, சுண்ணாம்பின்மேல் நீரை ஊற்றுதல் கூடாது. அது கொதித்துச் சீறித் தெறிக்கும். பிள்ளைகளை அருகில் விடலாகாது. கண்ணிற் பட்டால் உடனே ஏராளமான தூய நீரால் நெடுநேரம் கழுவிக்கொண்டே வைத்தியசாலைக்கு விரைய வேண்டும். மேற்சுவருக்குப் பூசுவோர் அண்ணாந்து பூசுவதால், கண்ணாடி அணிதல் நகைப்புக்குரிய காரியமன்று. பழைய எண்ணெய் வர்ணங்கள் பலவற்றில் ஈயம் கலந்திருந்தமையால், அவற்றை உலர்வாகச் சுரண்டித் தூசியெழுப்பாது நனைத்தே சுரண்டுதல் வேண்டும்.

இவையனைத்தையும் அறிந்த வேலையாளும் நண்பகலிற் பூசத்தான் செய்கின்றார். ஏனெனிற் கூலி அவ்வாறு அமைந்துள்ளது. நாட்கூலிக்கு வருபவர் எட்டு மணிக்குத் தொடங்கி ஐந்து மணிக்கு முடிக்கவேண்டும் என்பது வழக்கம். சுவர் மிகச் சூடாயிருக்கும் நேரமும் அதுவே. சாரத்தில் நிற்கும் மனிதனின் உடல் மிகத் துன்புறும் நேரமும் அதுவே. சதுர அடிக் கணக்கில் ஒப்பந்தம் பேசினாலோ, வேலையை விரைந்து முடித்து அடுத்த வீட்டுக்குச் செல்லும் அவசரம் வந்துவிடுகின்றது.

கல்யாண வீடொன்றில் இத்தகைய உரையாடல் நிகழ்வது அரிதன்று. "என்ன தம்பி, பத்து மணிக்கே தூரிகையைக் கழுவி வைச்சிட்டீர்? நாட்கூலி முழுசாக அல்லவோ பேசினது?" என்று வீட்டுக்கார அம்மா கேட்பார். "கோவியாதையுங்கோ அம்மா, ஒருக்கால் வந்து இந்தச் சுவரிலே கையை வைச்சுப் பாருங்கோ" என்பார் வேலையாள். கையை வைத்துப் பார்க்கும் அம்மாவுக்கு விடை கிடைத்துவிடும். கையை வைக்க மறுக்கும் வீட்டில் வேலையாள் மீண்டும் ஏணியில் ஏறுவார்.

இச்சிக்கலைத் தீர்ப்பதற்குத் தொடக்கத்திலேயே நேரத்தைப் பேசிக்கொள்ளுதல் வேண்டும். காலை ஆறு முதல் பத்து மணி வரை ஒரு கூறு. பிற்பகல் மூன்றரை மணி முதல் பொழுது சாயும் வரை மற்றொரு கூறு. கூலி முழுநாட் கூலி. இடைப்பட்ட நேரத்தில் உண்டு இளைப்பாறிய பின், கதவு யன்னல்களைத் தேய்த்தல், நிழற்பக்கச் சுவரைச் சுரண்டுதல், வெடிப்புகளை அடைத்தல், சுண்ணாம்பு வடித்தல் ஆகிய வேலைகள் உள்ளன. வேலை நாட்கள் ஒன்றிரண்டு கூடலாம். ஆகவே கல்யாண நாளுக்கு முன் ஒரு வார இடைவெளியாவது விட்டுத் தொடங்குதல் நன்று. மூன்றரை மணியானதும் புறங்கையால் ஒருமுறை தொட்டுப் பார்த்து, ஆறிய கிழக்குச் சுவரில் ஏணியைச் சாத்தலாம்.